சுறாவுக்கு எதிரே ஊசியக்கா

எதிரே இருக்கிறவர்கள் பக்கம் பேசுகிற பழக்கம் அந்த அக்காவுக்குக் கிடையவே கிடையாது. முன்னால் உட்கார்ந்து அழுதாலும் சரி, காப்பி வாங்கிக் கொடுத்தாலும் சரி. அங்கே இல்லாதவர் யாரோ, வாயில்லாதது எதுவோ, நாலு பேர் சேர்ந்து யாரை வைகிறார்களோ, நேரே அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழு வருஷம் அவளோடு ஒரே இடத்தில் வேலை பார்த்தேன். அதில் பாதி நாள் அவளிடம் கோபமாகத்தான் இருந்திருப்பேன்.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்து பெயரும் வயசும் எழுதி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது என் வேலை. உள்ளே ஊசியோடு நிற்பது அவள் வேலை. அதனால் ஊருக்கெல்லாம் அவள் ஊசியக்கா. எனக்கும் அதேதான். சொந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆள் இல்லாத இடத்தில் பெயரைச் சொல்லி எதுவும் பேசக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். இப்போது அவள் சுரண்டைப் பக்கம் போய்ச் சொந்தமாக ஒரு பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறாள். அவ்வளவு தூரம் தள்ளி இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

கையை நீட்டினால் முழங்கை மடிப்பில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டுவாள். நரம்பு அகப்படவில்லை என்றால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? "ஒங்களுக்கு நரம்பே சரியில்லம்மா" என்பார்கள். இவள் அப்படிச் சொல்ல மாட்டாள். "பாவம், பயந்துபோய் உள்ள பதுங்கிட்டு. அதை ஏன் வையணும்? வரும்" என்று நரம்புக்கு வக்காலத்து வாங்குவாள். வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த நேரத்தில் ஊசி ஏறி இறங்கியிருக்கும்.

சர்க்கரை எகிறிப்போய் வருகிறவர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாழாப்போன சுகரு என்னைய விடமாட்டேங்கே" என்று புலம்புவார்கள். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும். "அது என்ன பண்ணும் அண்ணாச்சி? நீங்க இலை போட்டு உக்கார வச்சிய, அது உக்காந்துக்கிட்டு. இப்ப எந்திரின்னா எப்படி எந்திரிக்கும்?" சர்க்கரை வியாதிக்கே ஆதரவாகப் பேசிய ஒரே ஆளை நான் அங்கேதான் பார்த்தேன்.

குரங்கு விஷயத்தைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. நல்ல சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை பார்க்கிற ஐந்து பேரும் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் குளித்து, நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினேன். ஒன்றுகூட வாயில் போடவில்லை. மரத்திலிருந்து ஒரு தடியன் இறங்கி வந்து, கையில் அடித்து, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு சுவர் மேல் ஏறி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது. நான் கல்லைத் தேடினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அதோட ஊருக்கு நாம வந்திருக்கோம். நம்ம வீட்டுக்கு யாராவது வந்து நடுவீட்டுல நின்னு சிப்ஸ் தின்னா நாம சும்மா இருப்போமா?"

"யக்கா, அது என் கையில அடிச்சிருக்கு!"

"நீ குடுக்கலையே. கேட்டுப் பார்த்திருக்கும், நீதான் கவனிக்கல."

குரங்கு கேட்டதாம், நான் கவனிக்கவில்லையாம்! பஸ்ஸில் தென்காசி வந்து சேரும்வரை அவளோடு நான் பேசவில்லை. அவள் ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக வந்தாள். கோபித்துக்கொண்டிருக்கிறவர்களைச் சமாதானப்படுத்தவும் அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒன்றும் நடந்தது. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரு சமயம் பெரிய சண்டை. எதற்கு என்பது இங்கே வேண்டாம். அழுது வீங்கிய முகத்தோடு வேலைக்கு வந்தேன். கூட்டம் குறைந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூச்சு விடாமல் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவரு எதுக்கு அப்படிச் சொல்லியிருப்பாருன்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாத்தியா?" என்றாள். "நீங்க எனக்கு அக்காவா, அந்த ஆளுக்கு அக்காவா?" என்று கத்திவிட்டேன். "அவரு இங்கன இல்லையே ஏட்டி. இல்லாத மனுசனுக்கு யாராவது பேசணும்லா" என்று பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே சொன்னாள். நான் ஒன்பது நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெயர் கூப்பிடுவதைக்கூடச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

பத்தாம் நாள் என் வீட்டுக்காரரே வாயைத் திறந்தார். "ஒங்க ஊசியக்கா மனுசியா, பிசாசா?" என்றார். என்னவென்று கேட்டால், என்னைப் பற்றிக் குறை சொல்ல அவரும் அவளைத் தேடிப் போயிருக்கிறார். நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லையாம். "அவ இல்லாத நேரம் பாத்து அவளைப் பத்திச் சொல்லுதியளே, வெக்கமா இல்ல?" என்று ஆரம்பித்து, நான் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன் என்பதில் தொடங்கி ஒன்று விடாமல் எடுத்து வைத்தாளாம். "நீ சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். அந்தம்மா சொன்ன மாதிரி சொன்னா எவன் கேக்காம இருப்பான்?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மறுநாள் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு எதற்கென்றே விளங்கவில்லை.

இப்படிப்பட்ட ஆள் பட்டிமன்றத்தில் பேசினால் என்ன ஆகும்? தோற்கும். தோற்றாள். பதினோரு வருஷம் தொடர்ந்து தோற்றாள்.

இலஞ்சியைத் தாண்டிச் சில மைல் போனால் அக்கா வாக்கப்பட்ட ஊர். ஆடி மாதம் அங்கே அம்மனுக்குக் கொடை, கோயில் திருவிழா. கொடையின் முதல் நாள் சாயங்காலம், பூஜைக்கு முன்னால், பந்தலில் பட்டிமன்றம். மூன்று பேருக்கு மூன்று பேர். அக்கா எப்போதும் ஏதாவது ஒரு பக்கத்தில் மூன்றாவது ஆள். கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா என்றால் தனிக்குடித்தனம். அன்பா, கண்டிப்பா என்றால் கண்டிப்பு. படிப்பா, அனுபவமா என்றால் எந்தப் பக்கத்துக்கு ஆள் அகப்படவில்லையோ அந்தப் பக்கம். நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் தீர்ப்பு என்ன வரும் என்று வீட்டில் இருக்கிற பூனைக்கும் தெரியும். கூட்டுக் குடும்பமே, அன்பே, எல்லாம் நல்லதே. இவள் ஏழாவது நிமிஷம் மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு உட்காருவாள். மறுநாள் காலையில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள், "என்னக்கா, இந்த வருசமும் தோத்தாச்சா?" என்று கேட்பார்கள். "ஆமா, கையை நீட்டுங்க" என்பாள்.

பன்னிரண்டாம் வருஷம் கொடைக்கமிட்டிச் செயலாளர் தன் சர்க்கரையைப் பார்க்க வந்தவர், என் மேஜைக்கு முன்னால் நின்றே அவளிடம் சொல்லிவிட்டார்.

"தாயி, தப்பா நினைக்கப்படாது. பதினோரு தடவை தோத்தாச்சு. ஒங்களைத் தோக்குற ஆளுன்னே ஊருல முடிவு கட்டிட்டாங்க. இந்தத் தடவையும் அப்படின்னா, அடுத்த வருசம் கீழ உக்காந்து கேளுங்க. வெளியூர்ல நல்லாப் பேசுற பிள்ளைங்க இருக்காவ."

அக்கா தலையை ஆட்டினாள். அவருக்கு வலிக்காமல் ரத்தம் எடுத்து அனுப்பினாள். அவர் போன பிறகு ஊசியைப் போடுகிற டப்பாவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மேடையில அப்படி என்னதான் இருக்கு, போனாப் போகுது" என்றேன்.

"வருசம் பூரா குனிஞ்சு கையத்தான் பாக்கேன், ஏட்டி. கறுத்த கை, செவத்த கை, நடுங்குற கை. அங்கன ஏறி நின்னாத்தான் எல்லாரு மூஞ்சியவும் பாக்கேன். அந்த ஏழு நிமிசம் போயிட்டா எனக்கு வேற ஒண்ணும் கிடையாது" என்றாள்.

அவள் தனக்காகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷத் தலைப்பு: 'வாழ்க்கையில் வெல்வது சூறாவளியா? பட்டாம்பூச்சியா?' அதாவது வேகமா, மென்மையா. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அக்காவுக்குப் பட்டாம்பூச்சி விழுந்தது. நான் மேஜையைத் தட்டிக் குதித்தேன். மென்மைதான் வெல்லும் என்று தீர்ப்பு வராவிட்டால் என் காதை அறுத்துக்கொள்கிறேன் என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஜெயிக்கிற பக்கம்! ஆனால் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாரும் பட்டாம்பூச்சிப் பக்கம்தான் வேணும்னு சண்டை போட்டாவளாம். ஒரு மாதிரியா இருக்கு, ஏட்டி. கூட்டத்துல இடிச்சுக்கிட்டு நிக்க மாதிரி."

"வாயை மூடிக்கிட்டு ஜெயிச்சுட்டு வாங்க" என்றேன்.

அங்கேதான் செயலாளரின் கட்டைவிரல் வேலை செய்தது. தலைப்பைத் தாளில் எழுதி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் போட்டோ எடுத்து, பேனர் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். தாளைப் பிடித்த கட்டைவிரல் 'சூறாவளியா'வில் இருந்த 'வளி'யை மறைத்துக்கொண்டது. கடைக்காரர் பார்த்தது 'சூறா', விரல், 'யா'. அவர் மூளைக்கு எட்டியபடி எழுத்துப்பிழையைத் திருத்தி, 'சுறாவா? பட்டாம்பூச்சியா?' என்று அடித்துவிட்டார். அடித்ததோடு விட்டாரா? இடது பக்கம் வாயைப் பிளந்துகொண்டு ஒரு புலிச்சுறா. வலது பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு பட்டாம்பூச்சி. நடுவில் கமிட்டிக்காரர்கள் பதினாறு பேரும் கைகூப்பிக்கொண்டு. நோட்டீசும் அதேதான். விடிவதற்குள் இலஞ்சிக்குத் திரும்புகிற விலக்கிலிருந்து ஊர் எல்லைவரை சுறா தொங்கியது.

தென்காசி வட்டாரமே சிரித்தது. செயலாளர் முதலில் தலையில் கை வைத்தார். பிறகு சுரண்டையிலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள், ராயகிரியிலிருந்துகூடக் கேட்டு போன் வருகிறது என்றதும் மார்பை நிமிர்த்தினார். "கூட்டம் வருதுல்லா, சுறாவே இருக்கட்டும்" என்று அறிவித்துவிட்டார்.

ஆனால் பேச்சாளர்கள்? சூறாவளிப் பக்கம் பேச வேண்டிய மூவரும் கொண்டாடினார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் அண்ணாச்சி. மைக் இல்லாமலே பக்கத்து ஊருக்குக் கேட்கிற குரல். பட்டாம்பூச்சிப் பக்கத்தில் தலைவராக இருந்த தமிழ் வாத்தியார், மென்மை பற்றி இருபது பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தவர், தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாவதாகப் பேச வேண்டிய பெண், "சுறாவுக்கு எதிரா நான் என்னத்தச் சொல்ல? என்னையும் சுறாப் பக்கம் போட்டுருங்க" என்று மாறிக்கொண்டாள். அந்தப் பக்கம் நாலு பேர். இந்தப் பக்கம் அக்கா மட்டும்.

செய்தி வந்தபோது நான் அழுகிற நிலையில் இருந்தேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு நல்ல சீட்டு விழுந்தது, அதையும் ஒரு கட்டைவிரல் கெடுத்ததே என்று அந்தச் செயலாளரைக் கரித்துக்கொட்டினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பட்டாம்பூச்சிக்கு ஆளே இல்லையாமா?" என்றாள். பலகாரக் கடையைக் கண்ட பிள்ளை மாதிரி கேட்டாள்.

அடுத்த மூன்று நாளும் ஒரு கை விட்டு மறு கை எடுக்கிற இடைவெளியில் போனில் எதையோ படித்தாள். மதியம் சாப்பிடாமல் பின்கட்டில் நின்றிருந்த எருக்கஞ்செடியைச் சுற்றி வந்தாள். "ஏட்டி, இங்க வா, இதைப் பாரு" என்பாள். நான் போகவில்லை.

கொடையன்று சாயங்காலம் சாரல். பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு கூட்டம் அந்த ஊரில் நான் கண்டதில்லை. நடுவர் வெளியூர்க் கல்லூரிப் பேராசிரியர். எழுந்தவுடனேயே கும்பிட்டார். "சூறாவளித் தலைப்புக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தேன். சுறாவுக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. கடைசியில் நீங்களே கைதட்டிச் சொல்லிவிடுங்கள்" என்றார். கூட்டம் ஊளையிட்டது. எழுதி வைத்த தீர்ப்பும் போயிற்று.

அண்ணாச்சி எழுந்தார். "பதினாலு அடி நீளம்!" என்றார். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. "வாயைத் திறந்தா இந்தப் பந்தல்காலு உள்ள போகும்! நமக்குப் பல்லு விழுந்தா என்ன செய்யுதோம்? கட்டிப் போட்டுக்கிட்டு அலையுதோம். சுறாவுக்கு ஒண்ணு விழுந்தா அடுத்தது வரிசையில நிக்கி! எங்கயோ ஒரு சொட்டு ரத்தம் விழுந்தா மோப்பம் பிடிச்சு வந்து நிக்கும்! பட்டாம்பூச்சி? இந்தத் தூத்தலுக்கே இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கும்!" விசில் பறந்தது. அடுத்த மூன்று பேரும் அந்தச் சுறாவை ஆளுக்கு இரண்டு அடி வளர்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். முடித்தபோது அது ஊரை விழுங்குகிற அளவில் இருந்தது.

அக்கா எழுந்தாள். கையில் ஒரு துணிப்பை. நடுவரைப் பார்த்து, "எங்க பக்கம் மூணு பேரு. அந்த மூணு பேரு நேரத்தவும் எனக்கே தந்துருங்க சார்" என்றாள். பாதி வாக்கியத்தில் மணி அடித்து உட்கார வைக்கப்பட்டவள் கேட்கிற முதல் வரம். நடுவர் தந்துவிட்டார்.

மைக்கைப் பிடித்ததும் பின்னாலிருந்து ஒரு இளவட்டம் கத்தினான். "யக்கா, ஊசி போட்டுராதிய!"

"ஏலே, அங்கன நிக்கது நீதானா? போன மாசம் எங்கிட்ட கையை நீட்டிட்டு 'எம்மா'ன்னு கத்துனியே, அந்தச் சத்தம் இன்னும் செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு." கூட்டம் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தது. "அண்ணாச்சி ரத்தத்தைப் பத்திச் சொன்னாவ. இந்தப் பந்தல்ல இருக்கிற முக்காவாசிப் பேரு ரத்தத்தை நான் பார்த்திருக்கேன். சுறா மோப்பம் பிடிச்சு வரணும். நான் பேரு சொல்லிக் கூப்பிட்டா நீங்களே வந்து கையை நீட்டுதிய. இதுல யாருக்கு யாரு பயப்படணும்?"

முதல் கைதட்டல். நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். அப்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா? சுறாவைப் புகழ ஆரம்பித்தாள்! அண்ணாச்சி சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, அது அழகு, அது கடலுக்கே காவல், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று போகிறாள். பாவி மகளே, உன் பக்கம் பேசடி என்று நான் வாய்க்குள் கத்தினேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "அந்த மாதிரிப் பெரிய சுறாவால ஒரு இடத்துல நிக்க முடியாது. நீந்திக்கிட்டே இருக்கணும். நின்னா மூச்சு முட்டிரும். ராத்திரி பகல் ஓட்டம். இப்ப எங்க ஆளைப் பாருங்க."

பையிலிருந்து எருக்கங்கிளை ஒன்றை எடுத்தாள். ஓர் இலையைக் கிள்ளினாள். முன்வரிசைக்குத் தெரியும்படி பால் சொட்டியது.

"இது கண்ணுல பட்டா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியும். ஆடு மாடு வாய் வைக்காது. இதைத் தின்னுதான் ஒரு புழு வளருது. கறுப்பும் மஞ்சளுமா வரி போட்ட புழு. வளர்ந்து வெந்தயக் கலர்ல பூச்சியா வருது. வெந்தய வரியன்னு பேரு. இங்கிலீசுல டைகர்ங்காவ. அங்கயும் புலி, இங்கயும் புலி, சரியாப் போச்சா? நம்ம ரோட்டோரத்துல மெதுவா, ரொம்ப மெதுவாப் பறக்கும். ஏன் மெதுவாப் பறக்கு? அதைத் துரத்த ஆளில்ல! ஒடம்பு பூரா விசம். ஒரு தடவை கொத்துன குருவி கக்கிட்டுப் போயிரும். பெறகு அந்தக் கலரைக் கண்டாலே அந்தப் பக்கம் வராது. பல்லு இல்ல. நகம் இல்ல. ஒருத்தரையும் கடிக்கல. ஆனா ஒருத்தரும் தொட முடியாது. மென்மைன்னு யாரு சொன்னா? நான் சொல்லல!"

எருக்கஞ்செடியைப் பார்க்காத ஒருவரும் அங்கே இல்லை. தினமும் பார்க்கிற செடியை அவர்கள் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

"இப்ப கடைசியா ஒண்ணு கேக்கேன்" என்று குரலை இறக்கினாள். "அண்ணாச்சி சொன்ன ராசா, கடலையே நடுங்க வைக்கிற ராசா, கடைசியில எங்க வந்து சேருதாரு? தாய்மாரே, நீங்க சொல்லுங்க. பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறணும்னா என்ன வச்சுக் குடுக்கோம்?"

பெண்கள் பக்கத்திலிருந்து மொத்தமாக வெடித்தது. "சுறாப்புட்டு!"

"ஆங்! உதுத்து, வெங்காயம் போட்டு, பூண்டு தட்டிப் போட்டு! சுறாவைப் புட்டு வச்சுத் தின்னாத வீடு இங்க உண்டா? பட்டாம்பூச்சிய எவராவது புட்டு வச்சியளா?"

பந்தல் ஆடிவிட்டது. அண்ணாச்சி எழுந்து, "ஆட்சேபணை! அது சின்னச் சுறா! பால்சுறா! நாங்க சொல்லுதது புலிச்சுறா!" என்று கத்தினார்.

"தட்டுல விழும்போது எந்தச் சுறான்னு கேட்டா சாப்பிட்டிய?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் வரிசையில் நடுவில் இருந்த அவர் வீட்டம்மாவே எழுந்துவிட்டார். "கொடைக்குப் பந்தக்கால் நாட்டுறதுக்கு முந்தின நாள்தான் வச்சேன்! ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாவ! ஒண்ணும் கேக்கல!"

அதற்குப் பிறகு அக்கா என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்டிருக்காது. தலைமேல் நாற்காலி கவிழ்த்து நின்றவர்கள் அதையே தட்டினார்கள். அவளுக்குத் தந்த நேரத்தில் பாதிதான் ஆகியிருந்தது. மணி அடிக்கவில்லை. அவளாகவே மைக்கை வைத்துவிட்டு வந்து தனியாகப் போட்டிருந்த மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முறைப்படி கேட்கிறேன். வெல்வது சுறாவே என்பவர்கள் கைதட்டுங்கள்" என்றார்.

வேன் பிடித்து வந்தவர்கள் எல்லாம் சுறாவைப் பார்க்க வந்தவர்கள். ஆனால் ஒரு கைகூட அசையவில்லை. சாரல் பந்தல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும். சுறாப் பக்கத்து நாலு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார்கள். அண்ணாச்சி வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அத்தனை பெரிய குரல்காரர், ஒரு நிமிஷத்தில் ஒடுங்கிவிட்டார்.

அப்போது ஒரு சத்தம். ஒரே ஒரு ஆள் கைதட்டுகிற சத்தம். மேடையிலிருந்தே வந்தது. பட்டாம்பூச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. அக்கா சுறாவுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அடிப் பாவி! தீர்ப்பு இன்னும் வரவில்லை, பன்னிரண்டு வருஷத்து மேடை இந்த ஒரு நிமிஷத்தில் தொங்குகிறது, எதிரிக்குக் கைதட்டுகிறாள்! நடுவர் குனிந்து, "அம்மா, நீங்க பட்டாம்பூச்சி" என்றார். "தெரியும் சார். அவியளுக்கு ஒருத்தருகூட இல்லன்னு ஆயிரப்படாதுல்லா" என்றாள். அண்ணாச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

"வெல்வது பட்டாம்பூச்சியே என்பவர்கள்..." என்று நடுவர் ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. இலஞ்சிக்குக் கேட்டிருக்கும் அந்தச் சத்தம். நான் நாற்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழிய, "எங்கக்கா! எங்கக்கா!" என்று கத்தினேன். பெண்கள் குலவை போட்டார்கள். நாலு சுறாக்களும் தட்டினார்கள், முதல் ஆளாக அண்ணாச்சி. செயலாளர் பொன்னாடையை எடுத்துக்கொண்டு தடுக்கி விழப் பார்த்து ஓடினார். அதைப் போர்த்தும்போதே, "அடுத்த வருசம் நீங்கதான் தாயி, முதல் பேச்சு நீங்கதான்" என்று அவர் சொன்னது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

அக்கா பொன்னாடையோடு எழுந்து நின்றாள். கூட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. நடுவர் மைக்கை அவளிடம் நீட்டி, "முதல் வெற்றி. ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் பொன்னாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மைக்கை வாங்கினாள்.

"ஜெயிக்கதும் நல்லாத்தான் இருக்கு, என்னா?" என்றாள்.